நூற்று ஒன்பதாவது மைல்

ஜூன் 19, 2019, புதன் – திமாப்பூர்

முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் தேதி முத்திரை குத்தியவளுக்குத் தேதிப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? காலையில் போனதும் முதல் வேலை, முத்திரையின் வாயிலிருந்து நேற்றைய எண்ணைக் குறட்டால் பிடுங்கி இன்றைய எண்ணைச் செருகுவது. இரண்டாவது வேலை, கழிவுத்தாளில் இரண்டு முறை குத்திப் பார்ப்பது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பைத்தியம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரே தேதியில் வந்து உட்கார்ந்துகொண்டது: 1944 ஜூன் 22.

இரண்டாம் உலகப் போரில் நாகாலாந்து, மணிப்பூர் மலைகளில் நடந்த கொஹிமா–இம்பால் சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட தேதி அது. மார்ச் கடைசியிலிருந்து ஜப்பானியர்கள் அடைத்துவைத்திருந்த சாலை அன்றுதான் திறந்தது. வடக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையும் தெற்கிலிருந்து வந்த இந்தியப் படையும் காலை பத்தரை மணிக்கு 109-ஆம் மைல்கல்லில் கை குலுக்கிக்கொண்டன. அதோடு விட்டிருக்கலாம். அதே தேதி வேறு எங்கெங்கே வருகிறது என்று தேடி நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். ரஷ்யா, பிரான்சு, இத்தாலி, பின்லாந்து, சீனா, பசிபிக் தீவு என்று நோட்டு பாதி நிரம்பிவிட்டது. இந்த வருடம் எழுபத்தைந்து ஆண்டு நிறைவு. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த மைல்கல் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

"ஒரு தேதிக்காக இவ்வளவு தூரமா? கொடைக்கானலில்கூடத் தேதி இருக்கிறது" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் வந்திருக்கிறார். தனியாக இருந்தால் சமைத்துச் சாப்பிட வேண்டுமே.

திமாப்பூர் வியர்க்கிறது. நம் ஊர் வியர்வை காற்றடித்தால் காய்ந்துவிடும்; இது உடம்போடு ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அறை 900 ரூபாய். மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும், அதுவும் அதன் இஷ்டத்துக்கு. சாயங்காலம் பழைய கச்சாரி அரசின் இடிபாடுகளைப் பார்த்தோம். காளான் குடை போலத் தலை வீங்கிய கல்தூண்கள். எதற்கு நட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன் – கொஹிமா

எழுபத்து நான்கு கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். அதாவது, இருந்த ஒரு வழியையும் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். மழைக்கு மலையிலிருந்து சேறு வழிகிறது. சுமோவுக்குள் பத்துப் பேர். என் மடியில் யாருடைய கோழிக்குஞ்சுக் கூடையோ இருந்தது. கேட்டு வாங்கவில்லை, நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் அது என் பொறுப்பு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். இறங்கும்போது கூடைக்காரப் பெண் ஒரு கைப்பிடி நாவல்பழம் மாதிரி ஏதோ கொடுத்துவிட்டுப் போனாள். புளித்தது. நன்றாக இருந்தது.

இரவுச் சாப்பாடு ஒரு வீட்டின் முன்னறையில். அக்ஸோனே போட்ட பன்றிக்கறி, 180 ரூபாய், சோறு எவ்வளவு வேண்டுமானாலும். அக்ஸோனே என்பது வேகவைத்துப் புளிக்கவைத்த சோயா மொச்சை. மூடியைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூத்துக்குடியில் பிறந்து கருவாட்டு வாசனையில் வளர்ந்த மனிதர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். "கருவாடு செத்த மீன் என்று தெரியும். இது என்னவென்று தெரியவில்லையே" என்றார். இரண்டாம் கவளத்துக்குப் பிறகு நாற்காலி தானாக முன்னுக்கு வந்தது. தட்டோரத்தில் சுண்டுவிரல் நகத்தளவு ராஜா மிளகாய் வைத்திருந்தார்கள். தொட்டுக்கொள்வதற்கு என்று தெரியாமல் அதை முழுசாக வாயில் போட்டுவிட்டார் இவர். வீட்டம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வெறும் சோறு ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தார். தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு இல்லை, நான் சிரித்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி – கொஹிமா

விடாத மழை. போர்க் கல்லறைக்குப் போனோம். நகரத்தின் நடுவே, போக்குவரத்து நெரிசலுக்கு நேர் மேலே, படிப்படியாகச் செதுக்கிய குன்று. 1,420 கல்லறைகள். உச்சியில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர் தாங்கிய நினைவிடம். அந்தப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்து, கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்து பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூன் 22-க்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1944 ஏப்ரல் தொடக்கத்தில் சாட்டோ என்ற ஜப்பானிய ஜெனரலின் 31-ஆம் டிவிஷன் மலையேறி வந்து இந்த ஊரைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்களில் சண்டை போடத் தெரிந்தவர்கள் சுமார் 1,500 பேர். மாவட்ட ஆட்சியரான சார்ல்ஸ் பாசியின் பங்களாவும் அதன் டென்னிஸ் மைதானமும் போர்க்களமாயின. மைதானத்தின் இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் இன்னொரு படை. பந்துக்குப் பதில் கையெறி குண்டு. இன்று அந்த மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைச் சிமெண்டில் போட்டுவைத்திருக்கிறார்கள். நான் ஒரு கோட்டின் முனையிலிருந்து அடுத்த முனைக்கு நடந்து பார்த்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசல் அகலம்கூட இராது. அந்த அகலத்துக்குள் நாள்கணக்கில் சண்டை.

முற்றுகையின்போது தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் கிடைத்ததாம். அதைப் படித்த நோட்டை இப்போது மழையிலிருந்து காப்பாற்ற முடியாமல் புடவைக்குள் சொருகி நின்றேன்.

ஜப்பானியர்களும் பட்டினிதான். மூன்று வாரச் சாப்பாட்டோடு வந்தவர்கள். இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. கிடங்கு கிடைக்கவில்லை, பின்னாலிருந்து அரிசியும் வரவில்லை. கடைசியில் சாட்டோ மேலிடத்து உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பி நடத்திக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கல்ஹோ சாப்பிட்டோம். கீரையும் இறைச்சியும் போட்டுக் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, 80 ரூபாய். நேற்றைய மிளகாய்க்கு இன்றைய மருந்து.

சாயங்காலக் கடைத்தெருவில் நத்தை, தவளை, குளவிக் கூட்டோடு புழுக்கள். என் வீட்டுக்காரர் விலை மட்டும் விசாரித்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டால், "தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?"

இரவு நோட்டைப் பிரித்தேன். இதே 21-ஆம் தேதி இரவில்தான், உக்ரைனின் பொல்தாவா விமானத்தளத்தில் இறங்கியிருந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் மீது ஜெர்மானியர்கள் வந்து போட்டார்கள். தரையில் நின்றபடியே நாற்பதுக்கும் மேற்பட்டவை எரிந்தன. என் தேதி அங்கே நெருப்போடுதான் விடிந்திருக்கிறது. "விளக்கை அணை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டுமென்று நீதானே சொன்னாய்" என்றார் அவர்.

ஜூன் 22, சனி – கொஹிமாவிலிருந்து இம்பால்

மைல்கற்கள் திமாப்பூரிலிருந்து எண்ணப்பட்டவை. கொஹிமா 46-ஆவது மைல். ஆக, இங்கிருந்து 63 மைல், 101 கிலோமீட்டர். இன்று மணிப்பூரின் காங்போக்பி மாவட்டத்தில் வரும். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் போய்விடலாம் என்று கணக்கு. தனி வண்டி பிடித்திருந்தோம், 4,500 ரூபாய். ஓட்டுநர் இருபத்தைந்து வயதுப் பையன். நூற்றொன்றாவது கிலோமீட்டரில் நிறுத்த வேண்டும் என்று நான் உடைந்த இந்தியில் சொன்னேன். "அங்கே என்ன இருக்கிறது, ஆன்ட்டி?" என்று அவனும் உடைந்த இந்தியில் கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டு மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினான்.

கிக்வெமா என்ற கிராமத்தில் அவனாகவே வண்டியை நிறுத்தி, "உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்" என்று ஒரு வீட்டைக் காட்டினான். ஜப்பானியர்கள் அந்த ஊருக்குள் நுழைந்த தேதியைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 4, பிற்பகல் 3 மணி. மணியோடு! என் தொழிலில்கூட முத்திரையில் மணி போடுவது பெரிய அலுவலகங்களில்தான். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவர்கள் போன தேதி எங்கே என்று சுவர் முழுக்கத் தேடினேன். வாசலில் மூங்கில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் பையனை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அவன் இப்படி மொழிபெயர்த்தான்: "வந்தது தெரியும். நெல்லையும் மாட்டையும் எடுத்துக்கொண்டார்கள். போனது ஒரு நாளில் இல்லையாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்களாம்."

நோட்டில் இதை எழுதவில்லை. எந்தத் தேதியின் கீழ் எழுதுவது?

மாவோ என்ற ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் போயிருப்போம். வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மண் சரிந்து, அதன்மேல் ஏற முயன்ற சிமெண்ட் லாரி குறுக்காகச் சாய்ந்து கிடந்தது. மணி எட்டு இருபது. எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் நான்கு பேர் போக்குவரத்து அதிகாரி ஆகியிருப்பார்கள். இங்கே இறங்கிக் கல் பொறுக்கினார்கள். சின்னக் கல், பெரிய கல் என்று கைமாற்றிக் கைமாற்றிச் சக்கரத்தின் கீழே. என் வீட்டுக்காரரும் வரிசையில் போய் நின்றார். முட்டி வலி என்று மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் தேடுகிறவர்! பக்கத்தில் நின்ற பையன் தன் குடையை அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிவிட்டு, தான் நனைந்துகொண்டு கல்லை நீட்டினான். அவித்த சோளம் 20 ரூபாய், முட்டை 10 ரூபாய். நின்ற வண்டிகளைப் பார்த்து விலையை ஏற்றவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்றால், சாய்ந்த சிமெண்ட் லாரிக்குப் பின்னால், பதினேழாவது வண்டியில், சோளக்கதிர் கடித்துக்கொண்டு.

கோபத்தில் நோட்டைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொரு குளறுபடி உறைத்தது. போர்க்காலத்தில் இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. 1942 முதல் 1945 வரை அப்படித்தான். அன்றைய பத்தரை இன்றைய ஒன்பதரை. லாரி கவிழாமல் சரியாகப் போயிருந்தாலும் நான் ஒரு மணி நேரம் தாமதம். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

அந்தப் பத்தரைக்கு மற்ற இடங்களில் என்ன மணி என்று நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். பிரான்சின் நார்மண்டிக் கரையில் விடிகாலை ஆறு. மூன்று நாளாக அடித்த புயல் ஓயும் நேரம். ஆயிரக்கணக்கான டன் கான்கிரீட்டைக் கடலில் மிதக்கவிட்டுக் கட்டிய இரண்டு செயற்கைத் துறைமுகங்களில் அமெரிக்கர்களுடையது நொறுங்கிப்போயிருந்தது. அதனால் ஷெர்பூர் துறைமுகத்தைச் சீக்கிரம் பிடித்தே ஆக வேண்டிய அவசரம். அன்று நண்பகலில் அந்த ஊர்மேல் விமானங்கள் குவிந்தன. மாஸ்கோவில் ஏழு மணி. ஹிட்லர் ரஷ்யாவுக்குள் நுழைந்து மூன்று வருடம் முடிந்த அதே நாளில், பெலாரசில் செம்படை முன்னோட்டத் தாக்குதல்களைத் தொடங்கியிருந்தது. மறுநாள் பெரிய அடி. பதினொரு நாளில் மின்ஸ்க் அவர்கள் கையில். பக்ராத்தியோன் நடவடிக்கை என்று பெயர். நார்மண்டியைவிட ஜெர்மனிக்கு அங்கேதான் முதுகெலும்பு முறிந்தது என்பது என் கட்சி. சினிமாக்காரர்களுக்கு என்னவோ கடற்கரைதான் பிடிக்கிறது. வாஷிங்டனில் சரியாக நள்ளிரவு. அங்கே தேதி அப்போதுதான் பிறக்கிறது.

அதாவது, என் ஜூன் 22 ஓர் இடத்தில் முன்பகல், ஓர் இடத்தில் விடியல், ஓர் இடத்தில் முதல் நொடி. முத்திரையில் மட்டும்தான் அது ஒன்று.

பதினொன்றேகாலுக்கு வழி விட்டார்கள். மாரம், செனாபதி எல்லாம் கண்ணாடியில் ஓடிய மழைக்கோடுகளாகத்தான் எனக்குத் தெரியும். ஒன்று ஐம்பதுக்குப் பையன் வண்டியை ஓரம் கட்டினான். "நூற்றொன்று, ஆன்ட்டி."

எழுபத்தைந்து வருடத்தில் சாலையை எத்தனை முறை திருப்பிப் போட்டிருப்பார்களோ, ஒரு கிலோமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். ஒரு பக்கம் வயல், நாற்றுக்காக உழுத சேறு. மறு பக்கம் மூங்கில் பந்தலில் அன்னாசிப்பழம் குவித்துக்கொண்டு ஒரு பெண். கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. இறங்கி நின்றேன். மழை விட்டிருந்தது. வடக்கே பார்த்தேன், அந்தப் பக்கமிருந்துதான் பிரிட்டிஷ் 2-ஆம் டிவிஷனின் டாங்கிகள் வந்திருக்க வேண்டும். தெற்கே பார்த்தேன், அங்கிருந்து 5-ஆம் இந்திய டிவிஷனின் டோக்ரா வீரர்கள். இம்பாலுக்குள் மூன்று மாதம் அடைபட்டிருந்த ஒன்றரை லட்சம் பேருக்கு அதுவரை சோறும் தோட்டாவும் கடிதமும் விமானத்தில்தான். சந்தித்த இரண்டு படையும் முதலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கென்னவோ தபாலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

"பழம் வாங்கவில்லை என்றால் அவளுக்கு முன்னால் எதற்கு நிற்கிறாய்?" என்றார் வீட்டுக்காரர். இரண்டு பழம் 50 ரூபாய். கத்தியால் கண்ணைச் சுழற்றிச் சுழற்றி எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாழையிலையில் கொடுத்தாள். பையனுக்கும் ஒரு பங்கு. இன்று இந்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா என்று அவளிடம் கேட்கச் சொன்னேன். அவள் சாலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேலே மண் சரிந்ததைத்தானே கேட்கிறார்கள், காலையிலேயே கேள்விப்பட்டேன் என்றாளாம்.

இம்பால் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். படுக்கும் முன் கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன். அதே ஜூன் 22 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக்கடனும் கொடுக்கும் சட்டம். பசிபிக்கின் சைப்பான் தீவில் அவருடைய ஆட்கள் அப்போதும் குகை குகையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்சிங்கியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் வந்திறங்கி, ரஷ்யாவோடு தனியாகச் சமாதானம் பேசிவிடாதீர்கள் என்று பின்லாந்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சீனாவில் நான்கு நாள் முன்புதான் சாங்ஷா ஜப்பானியர் கையில் விழுந்திருந்தது. இங்கே தோற்று நடந்த அதே ராணுவம் அங்கே ஜெயித்து நடந்துகொண்டிருந்தது.

ஜூன் 23, ஞாயிறு – இம்பால்

நேற்று இம்பாலுக்குத் தெற்கே, மைபாம் லோக்பா சிங் என்ற குன்றின் அடிவாரத்தில் இம்பால் சமாதான அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். லாரிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அழைப்பு இல்லை. இன்று ஆட்டோவில் போய் வெளியிலிருந்து பார்த்தோம், 400 ரூபாய். பந்தல் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அருகில் ஜப்பானியர்கள் எழுப்பிய நினைவிடத்தில் யாரோ வைத்த பூங்கொத்து இன்னும் வாடவில்லை. இந்தச் சண்டையில் இறந்த ஜப்பானியர்கள் சுமார் 30,000 பேர். குண்டில் இறந்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் பின்வாங்கும் வழியில் விழுந்தவர்களே அதிகம்.

ஆட்டோக்காரர் இந்தப் போரை "ஜப்பான் லான்" என்கிறார். லான் என்றால் போர். அவர் பாட்டி, வயது கேட்டால் "ஜப்பான் லான் வந்தபோது எனக்குத் தாவணி வயது" என்கிற மாதிரிதான் சொல்வாராம்.

மொய்ராங்கும் போனோம். 1944 ஏப்ரல் 14 அன்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் மூவர்ணக் கொடி ஏற்றிய ஊர். அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் நிறையப் பேர். 109-ஆவது மைலில் இந்தியர்கள் கைகுலுக்கிக்கொண்ட அன்று இந்தியர்களே எதிர்ப் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தேதி என்னவாக இருந்திருக்கும்? என் நோட்டில் அந்தப் பத்தி காலி.

லோக்டாக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகள். படகு 200 ரூபாய். வெயில் வந்தது. அவர் தூங்கிவிட்டார்.

ஜூன் 24, திங்கள் – இம்பால், கடைசி நாள்

காலையில் இமா கெய்த்தெல். ஆயிரக்கணக்கான பெண்கள் மட்டுமே வியாபாரம் செய்யும் சந்தை. 1939-இல் ஊர் அரிசியை வெளியே ஏற்றுமதி செய்ததை எதிர்த்துக் கிளம்பிய இந்தப் பெண்களின் போராட்டத்துக்கும் லான் என்றுதான் பெயர், நுபி லான். என் வீட்டுக்காரர் பேரம் பேசப் போய், பேசியதைவிட 10 ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டு வந்தார். கறுப்பரிசி அரைக் கிலோ, உலர்ந்த மீன் ஒரு பொட்டலம். பையைத் திறந்தால் ஊர் கூடும் வாசனை.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. எனக்கே எழுதிய 50 காசு அஞ்சல் அட்டை. 22-ஆம் தேதி முத்திரையோடு அனுப்ப நினைத்தது. எந்தத் தபால் நிலையம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தொல்லை. கவுண்டரில் நீட்டி, நானும் இதே வேலைதான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பக்னம் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கடலைமாவும் மீனும் இலையில் சுருட்டி வேகவைத்த பண்டம். கதையைக் கேட்டுவிட்டு, "தேதியை 22 ஆக்கிவிடட்டுமா, மேடம்?" என்று குறட்டை எடுத்தாள். கூடவே கூடாது என்றேன். என்ன பேச்சு இது! "சரி, நீங்களே குத்துங்கள்" என்று முத்திரையை என் கையில் வைத்தாள்.

பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மைத்திண்டில் ஒரு தட்டு, அட்டையில் ஒரு தட்டு. பழைய தாளத்தில் கை போனது. எடுத்துப் பார்த்தால் ஊர்ப்பெயர் தெளிவு, ஜூன் தெளிவு, தேதி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழம்பல். 24-ஆ, 22-ஆ, என்னாலேயே படிக்க முடியவில்லை. அவள் கழிவுத்தாளை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு முறை அதில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அட்டைக்கு வர வேண்டும்.